நாலடிக்கு இரண்டரையடிக் கவுன்சிலர்

எங்கள் நகரசபை தோன்றிய நாள்முதல் இன்றுவரை அதை அலங்கரித்த கவுன்சிலர்களிலேயே தலைசிறந்தவர் யார் என்று என்னைக் கேட்டால், மூச்சு வாங்காமல் சொல்வேன்: என் வீட்டு மதிலில், கேட்டுக்கு இடது பக்கம், நாலடி நீளமும் இரண்டரையடி உயரமுமாக இருபத்திரண்டு நாள் பதவி வகித்த ஒரு வெற்றிடம்.

சும்மா வெற்றிடம். வெள்ளையடித்த, ஒன்றும் எழுதாத சுவர். அது ஓடைக்கு ஸ்லாப் போட்டது. நாலு வருஷமாக இருட்டில் தவம் செய்த மூன்று தெருவிளக்குகளுக்கு ஞானம் அளித்தது. மூன்று முன்னணிகளையும் தன் முன்னே கைகூப்பி நிற்க வைத்தது. ஃபிளெக்ஸ் வைக்கவில்லை. கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் உட்காரவில்லை. நன்றி சொல்லப் போனபோது "பாத்துச் செய்யாம்" என்றும் சொல்லவில்லை.

நம்ப மாட்டீர்கள். ஈசாக்கும் நம்பவில்லை. ஈசாக் என் பக்கத்து வீட்டுக்கு அடுத்த வீடு. அரசுப் பேருந்தில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்து, "பையனுக்கு அஞ்சு வயசு முடியல்ல" என்று சொன்ன லட்சக்கணக்கான தாய்மாரை நம்பாமலே ஓய்வு பெற்றவன். நானோ தாலுகா ஆபீசில் இருபத்தொன்பது வருஷம் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன். நம்புவதே என் தொழில்.

எங்கள் நகரசபையின் பெயர் வேண்டாம். கேரளத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒன்று வரைபடத்தில் இல்லையே என்பீர்கள். அது வேலை செய்யும் அழகைப் பார்த்தால், நேரில் வந்தாலும் இருப்பதாகச் சொல்ல மாட்டீர்கள். அதில் மாவுநின்றவிளை வார்டு எங்களுடையது. பெயரிலுள்ள மாவு, அதாவது மாமரம், எப்போதோ விழுந்துவிட்டது. கவுன்சிலர் ரெத்தினதாஸ் மட்டும் நின்றுகொண்டிருந்தார், இரண்டு தேர்தலாக.

எங்கள் லேன் தொடங்கும் இடத்தில் ஒரு ஓடை. அதன் மேல் பாலமாக ஒரு சிமெண்ட் ஸ்லாப் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிப்பர் லாரி அதை இரண்டாகப் பிளந்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து ஆட்டோக்காரர்கள் எல்லாரும் ஓடைக்கு அந்தப் பக்கமே நின்று ஹாரன் அடிப்பார்கள். நாங்கள் பக்கவாட்டில் கிடந்த இரண்டு தென்னந்தடி மேல் சர்க்கஸ் செய்து கடந்து போவோம். வாழ்க்கையில் ஒரு சமநிலை வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதை அனுதினமும் கடைப்பிடித்த லேன் இந்த நாட்டிலேயே எங்களுடையது மட்டும்தான்.

இந்த நிலையில் ஈசாக்கின் மனைவி சரோஜத்துக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆயிற்று. வாரத்தில் மூன்று நாள் நெய்யாற்றின்கரைக்குப் போய்ப் பயிற்சி செய்ய வேண்டும். விட்டால் கால் இறுகிவிடும், பிறகு நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தென்னந்தடி மேல் வாக்கர் ஏறாது. ஆகவே செவ்வாய், வியாழன், சனி காலை ஒன்பது மணிக்கு ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் சரோஜம் எழுந்தருள்வாள். முன்கால் ஈசாக், பின்கால் நான். ஓடைக்குள் இறங்கி, சேற்றில் நடந்து, அந்தப் பக்கம் ஏற்றுவோம். ஒன்றரை மாதம் இந்தப் பல்லக்கு சேவை தடையின்றி நடந்தது. ஒரு மழை நாளில் ஈசாக் வழுக்கினான். நாற்காலி சாய்ந்தது. சரோஜம் விழவில்லை, என் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் வீட்டுக்குத் திரும்பி, "இனி நான் வரமாட்டேன். கால் போனா போட்டு. சவத்த தூக்கியது மாதிரி என்னத் தூக்க வேண்டாம்" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

ரெத்தினதாசுக்கு நாங்கள் கொடுத்த மனுக்கள் மொத்தம் ஏழு. ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் ஒன்றுதான்: "கோப்பு நகந்துகிட்டு உண்டு சாரே." கோப்பு எப்போது நகரும் என்று எனக்குத் தெரியாதா? மேசையைத் துடைக்கும்போது நகரும்.

அந்த வாரத்தில்தான் என் மதில் களவு போயிற்று.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் தேர்தல் வருவதற்கு வெகு முன்னமே கட்சிகளின் முன்னணிகள் சுவர்களை 'புக்' செய்யும். யாரையும் கேட்பதில்லை. வெள்ளையடித்து, ஓரத்தில் தங்கள் எழுத்தையும் வருஷத்தையும் போட்டுவிட்டால் சுவர் அவர்களுடையது. பிறகு வேட்பாளர் யார் என்று உள்ளே அடிதடி நடக்கும்போதே வெளியே எழுத்து வேலை தொடங்கிவிடும். சின்னம் வரைவார்கள். 'வெற்றி பெறச் செய்வீர்' எழுதுவார்கள். பெயருக்கு மட்டும் ஒரு கட்டம் விட்டுவைப்பார்கள். அது கடைசியில் வரும். முக்கியமில்லாத விஷயம்தானே.

ஒரு காலையில் எழுந்து பார்த்தால் என் மதிலின் வலது பாதியில் ரெத்தினதாசின் முதல் முன்னணி இந்தத் தேர்தலுக்கும், இரண்டாம் முன்னணி அடுத்த தேர்தலுக்கும், மூன்றாம் முன்னணி அதற்கும் அடுத்த தேர்தலுக்கும் புக் செய்திருந்தன. எனக்கு அறுபத்தொன்பது வயது. என் மதிலுக்கு இருக்கும் எதிர்காலம் எனக்கே இல்லை.

வந்தது ஆவேசம். மிச்சம் கிடந்த இடது பாதியை நானே புக் செய்வதென்று தீர்மானித்து, ஜிஜினை அழைத்தேன். ஜிஜின் சுவரெழுத்துக் கலைஞன். மூன்று முன்னணிக்கும் அவன் ஒருவனே எழுதுகிறான். எங்கள் வார்டில் உண்மையான சர்வகட்சி ஒற்றுமை என்பது அவன் பிரஷ் மட்டுமே. "இந்த நகரசபைக்குப் புதிய தலைமை வேண்டும் என்று மேலே மலையாளத்திலும் கீழே தமிழிலும் எழுது" என்று சொல்லிவிட்டு, ஒரு குடிமகனின் கடமையை முடித்த நிறைவோடு தூங்கப் போனேன்.

எழுந்து வந்து பார்த்தால், 'புதிய தலைமை வேண்டும்! மாவுநின்றவிளை வார்டில்' என்று தொடங்கி, நடுவில் ஒரு பெரிய கட்டம், அப்புறம் 'அவர்களை வெற்றி பெறச் செய்வீர்!' பக்கத்தில் சின்னத்துக்கு ஒரு வட்டம்.

"ஜிஜினே, நான் சொன்னது ஒரு வரி. இந்தக் கட்டம் என்னத்துக்கு?"

"பேருக்காக்கும் சாரே."

"ஆருக்க பேருக்கு?"

"அது எனக்கு எங்கன தெரியும்? மூணு கூட்டருக்கும் நான்தான் எழுதியது. ஒரு கூட்டரும் ஆதியமே பேரு சொன்னதில்ல. கட்டம் விட்டாத்தான் கைக்கு ஒரு ஒழுங்கு."

"அந்த வட்டம்?"

"சின்னத்துக்கு எடம் இல்லேன்னா சோப்பு வெளம்பரம்னு நெனச்சிருவினும்." அவன் டப்பாவை மூடினான். "பேரு செல்லும்பம் சின்னப் பேரா பாத்துச் செல்லுங்க. போன தரம் ஒரு ஆளுக்க பேரு கட்டத்துக்கு வெளிய ஓடிப்போச்சு."

ஈசாக் வந்து பார்த்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். கிழிந்த டிக்கெட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"எலே தாணு, வெறும் எடத்தக் கண்டு ஆரெலே பயப்படுவான்?"

வந்தார்கள். காலை பத்து மணிக்கே இரண்டாம் முன்னணியின் வார்டு கன்வீனர் மனு பைக்கை நிறுத்தினான்.

"சாரே, இது ஆரு?"

"இன்னும் தீர்மானிக்கவில்லை" என்றேன். சத்தியமான பதில். ஆனால் எங்கள் ஊரில் கட்டம் என்றால் ஆள் உண்டு, வெளியே சொல்லவில்லை என்று பொருள். மனுவின் முகம் வெளிறியது.

"எங்க கூட்டத்துல இருந்து ஆராவது வந்தினுமா? ரிபலா, போட்டி வேட்பாளரா? எனக்கு ஸீட்டு இல்லேன்னு செல்லச் சொன்னினுமா?"

"பேரு பின்ன வரும் மக்கா."

அவன் போன பதினைந்தாவது நிமிடத்தில் ரெத்தினதாஸ் நேரிலேயே வந்தார். நாலு வருஷத்தில் எங்கள் லேனுக்குள் அவருடைய முதல் விஜயம். தென்னந்தடியில் பாதி தூரம் வந்து, கையிரண்டையும் விரித்துத் தத்தளித்தார். நான்தான் கைகொடுத்து ஏற்றினேன்.

"ஆளு ஆரு சாரே? என்னட்ட மட்டும் செல்லுங்க. எனக்க மச்சினன் இஞ்ச வந்தானா?"

"போன வாரம் வந்தார்."

"எதுக்கு?"

"மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க."

"குடையா!" அவர் வட்டத்தைப் பார்த்தார். "சின்னம் குடையா சாரே?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமலிருப்பது எவ்வளவு பெரிய அரசியல் என்பதை அன்றுதான் கற்றேன். ரெத்தினதாஸ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். பார்வை ஓடையில் விழுந்தது.

"அய்யோ, இந்த ஸ்லாப்பு எப்பம் ஒடஞ்சுது?"

"நாலு வருஷம் ஆச்சு. ஏழு மனு கொடுத்தோம்."

"ஒரு வார்த்த செல்லியிருக்கப்படாதா சாரே!"

மறுநாள் ஓவர்சியர் டேப்போடு வந்தார். ஈசாக் தன் கேட்டில் சாய்ந்து நின்று அவரைப் பார்த்துச் சிரித்தான். "நாலு வருஷத்தில மூணு தரம் அளந்தினும். அளந்து அளந்து ஓடைதான் பெருசாச்சு. ஸ்லாப்பு வரல்ல."

மூன்றாம் நாள் தெருவிளக்கு எரிந்தது. பகலிலும் எரிந்தது, அணைத்தால் வெற்றிடம் கோபித்துக்கொள்ளுமோ என்று பயந்தார்கள் போலிருக்கிறது. ஐந்தாம் நாள் முனையில் கிடந்த குப்பைக் குன்று காணாமல் போனது. மூன்றாம் முன்னணி மட்டும் சும்மா இருக்குமா? ஓடைக்குக் கைப்பிடி வேண்டும் என்று என் மதிலுக்கு எதிரே தர்ணா இருந்தது. கோஷம் போடும்போது அவர்கள் முகம் கட்டத்தைப் பார்த்தே இருந்தது. அதற்குள் யார் உட்கார்ந்து கணக்கெடுக்கிறார்களோ!

வெற்றிடத்தின் ஆட்சியில் ஒரே ஒரு ஆபத்து இருந்தது. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் புது வேலை ஒன்றும் தொடங்கக்கூடாது, சட்டம் அப்படி. அறிவிப்பு இன்று வரும், நாளை வரும் என்று டிவி சொல்லிக்கொண்டிருந்தது. ஸ்லாப் இன்னும் வரவில்லை. சரோஜம் பயிற்சிக்குப் போய் இரண்டு வாரம் கடந்துவிட்டது. ஈசாக் தினமும் காலை எங்கள் வீட்டுக்கு வந்து டிவியைப் பார்ப்பான். அறிவிப்பு இல்லை என்று தெரிந்ததும் ஒரு கட்டன்சாயா குடித்துவிட்டுப் போவான்.

"நம்பிக்கை இல்லாதவனுக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டேன்.

"சரோஜத்துக்க கால் நேத்து மடங்கல்ல" என்றான்.

இதற்கிடையில் எங்கள் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் தலைவி விஜயம்மா டீச்சர் அவசரப் பொதுக்குழுவைக் கூட்டினார். ஞாயிறு மாலை நாலு மணி, டீச்சர் வீட்டுக் கார்போர்ச். முப்பத்தொரு பேர், இருபத்தெட்டு நாற்காலி. அதில் ஒன்று நீலம்.

'இந்நகரசபைக்குப் புதிய தலைமை இன்றியமையாதது என இப்பொதுக்குழு ஏகமனதாகத் தீர்மானிக்கிறது' என்ற வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானத்தை நான் முன்மொழிந்தேன். கைதட்டலில் டீச்சர் வீட்டு நாய் கட்டறுத்துக்கொண்டு ஓடியது.

"செரி, கட்டத்துல ஆருக்க பேரு எழுதியது?" என்றார் டீச்சர்.

அமைதி. எங்கள் லேனில் அவ்வளவு அமைதி அதற்கு முன் மின்தடையின்போதுகூட ஏற்பட்டதில்லை.

"டீச்சரே நிக்கலாமே" என்றாள் லேகா.

"நானா? சர்ச்சு சபையில மூணு கமிட்டி உண்டு மக்கா. நேரம் எங்க இருக்கு? நீ நில்லு."

"எனக்க வீட்டுக்காரரு துபாயில. கேக்காம ஒண்ணும் செல்ல முடியாது."

"அகிலே, நீ படிச்சவன்."

"நான் சர்க்காரு ஜோலிக்கு பி.எஸ்.சி. எழுதியிட்டு உண்டு டீச்சரே. தேர்தல்ல நின்னு ஏதாவது கேஸு வந்தா ஜோலி போச்சு."

இப்படியாகப் புதிய தலைமை முப்பது பேரைத் தொட்டுவிட்டு என்னிடம் வந்தது. கொண்டுவந்தவன் ஈசாக்.

"தாணுக்க மதிலு. தாணுக்க கட்டம். தாணு நின்னா என்ன?"

நான் எழுந்தேன். அன்று நான் ஆற்றிய உரையை எழுதிவைக்காமல் விட்டது தமிழுக்கு நஷ்டம். அரசு ஊழியனாக இருந்தவனின் நடுநிலைமை, சர்க்கரை நோயாளியின் உடல்நிலை, அறுபத்தொன்பது வயதில் 'புதிய' என்ற சொல்லுக்கு ஏற்படக்கூடிய களங்கம் ஆகியவற்றை விளக்கி, "புதிய தலைமை கேட்டவனே தலைமை ஏற்றால் அது சுயநலம் ஆகாதா?" என்று முடித்தேன். அவை உருகிவிட்டது. லேகா கண்ணைத் துடைத்தாள். ஈசாக் மட்டும் கைதட்டவில்லை. நாற்காலி தூக்கிய மணிக்கட்டு வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

'தகுந்த நபர் கிடைக்கும்வரை வெற்றிடமே தொடரட்டும்' என்று தீர்மானம் நிறைவேறியது. தேநீரும் ஏத்தங்காய் வறுத்த உப்பேரியும் வழங்கப்பட்டன.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஷியாமளா கேட்டாள், "நீங்க நிக்கப்படாதா?"

"ஸ்லாப் விழட்டும், பார்ப்போம்."

"ஸ்லாப்பு விழுந்த பிறகு?"

"அப்போது தேவையே இருக்காதே" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இருபதாம் நாள், சனிக்கிழமை, ஸ்லாப் வந்தது. ஒன்றல்ல, இரண்டு. காலையில் நகரசபையின் ஸ்லாப். அதை இறக்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் முன்னணியின் 'மக்கள் ஸ்லாப்' இன்னொரு லாரியில் வந்தது. மனு மாலை போட்டு அழைத்துவந்தான். ஓடை ஒன்று, ஸ்லாப் இரண்டு. ஒன்றரை மணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பின் நகரசபையின் ஸ்லாப் ஓடைக்கும், மக்கள் ஸ்லாப் பஸ் நிறுத்தத்தில் மக்கள் உட்காருவதற்கும் என்று உடன்பாடு ஏற்பட்டது. மூன்றாம் முன்னணியின் பங்கு, அன்றே பொருத்திய கைப்பிடி.

ஆட்டோ நாலு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக லேனுக்குள் வந்து ஈசாக்கின் கேட்டில் நின்றது. சரோஜம் ஏறினாள். ஓடைக்கு வந்ததும், "நிறுத்துங்க" என்றாள். வாக்கரைக் கேட்டு வாங்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

"என்னடீ இது? ஆட்டோ கடந்து போவும்" என்று ஈசாக் பதறினான்.

"என்னத் தூக்கிக் கடந்த எடமாக்கும். ஒரு தரம் நான் நடந்து கடக்கட்டு."

பதினோரு அடி. நான் எண்ணினேன். ஒன்பதாவது அடியில் கைப்பிடியைத் தொட்டாள். மூன்றாம் முன்னணியும் வீண்போகவில்லை. அந்தப் பக்கம் சேர்ந்ததும் திரும்பி என் மதிலைப் பார்த்து, "அந்த வெள்ளச் சாருக்கு ஸ்தோத்திரம்" என்று சிரித்தாள்.

"தேர்தல் வந்தா எங்கயும் ஸ்லாப்பு விழும். ஒனக்க கட்டம் ஒண்ணும் செய்யல்ல" என்றான் ஈசாக். ஆனால் கைப்பிடியைத் தடவியபடியே நின்றான்.

திங்கட்கிழமை அறிவிப்பு வந்தது. வெற்றிடத்தின் இருபத்திரண்டு நாள் பொற்காலம் முடிவுற்றது.

வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் மூன்று மணிவரை நேரம். எங்கள் லேனிலிருந்து யாரும் மனு கொடுக்கவில்லை. இரண்டு மணிக்கு ஜிஜின் தானாகவே வந்து, கட்டத்தின் முன் ஸ்டூலைப் போட்டு, பிரஷை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "பேரு எப்பம் வேணும்னாலும் வரும். எழுதாம விட்டா எனக்கு ஒறக்கம் வராது" என்றான். ஈசாக்கும் வந்து கைப்பிடியில் சாய்ந்து நின்றான்.

இரண்டே முக்காலுக்கு ஜிஜின் திரும்பிப் பார்த்தான். "சாரே, பேரு?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதன் கண்ணாடி பனித்திருந்தது போலத் தோன்றியது. வேட்டி நுனியால் துடைத்தேன். நன்றாகவே துடைத்தேன். முடித்துப் பார்த்தபோது மூன்றைத் தாண்டிவிட்டது.

"அடடா" என்றேன்.

ஜிஜின் பிரஷை அலசிவிட்டு, பெயிண்ட் டப்பாவை என் கார்போர்ச்சில் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் ரெத்தினதாஸ் வந்தார். ஸ்லாப் மேல் கம்பீரமாக நடந்து வந்தார். "சாரே, கட்டம் சும்மாதானே கெடக்கு?" என்று இரண்டு கையையும் கூப்பினார். ஜனநாயகத்தில் இடம் வீணாகக் கிடக்கலாமா? சம்மதித்தேன். ஜிஜின் என் டப்பாவிலிருந்தே எழுதினான். அளவெடுத்து வெட்டியதுபோல உட்கார்ந்தது: 'புதிய தலைமை வேண்டும்! மாவுநின்றவிளை வார்டில் ரெத்தினதாஸ் அவர்களை வெற்றி பெறச் செய்வீர்!'

செய்தோம். அவர் வாழ்நாளிலேயே பெரிய வித்தியாசத்தில் வென்றார். 'புதிய' தலைமை பொறுப்பேற்ற நாலாம் நாள் முதல் விளக்கு அணைந்தது. இப்போது மூன்றும் தவத்துக்குத் திரும்பிவிட்டன. குப்பைக் குன்று பழைய உயரத்தில் பாதியை எட்டிவிட்டது. கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது.

இந்த வரலாற்றை அசோசியேஷனின் ஆண்டு மலருக்கு எழுதி முடித்ததும், சாட்சிக் கையெழுத்துக்காக ஈசாக்கிடம் கொண்டுபோனேன். சரோஜம் வாக்கர் இல்லாமல் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஈசாக் கண்ணாடி போட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, ஒவ்வொரு டிக்கெட்டாகச் சரிபார்த்தான். இதைத்தான் நான் எதிர்பார்த்தேன்: மறுப்பான், சண்டை போடலாம்.

"நடந்தது உள்ளதாக்கும்" என்றான்.

நான் திகைத்துப்போனேன். "நம்புகிறாயா?"

"நேத்து அடுத்த லேனுக்குப் போனேன். அங்கயும் ஸ்லாப்பு ஒடஞ்சுதான் கெடக்கு. அந்த லேனுக்கும் தேர்தல் வந்தது. மதில்ல கட்டம் இல்ல." அவன் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி என்னிடம் நீட்டினான். "வெறும் எடத்தக் கண்டு இத்தற வேல செய்தினும் தாணு. அதில ஒரு பேரு கெடந்திருந்தா?"

"அதற்குத் தகுந்த பெயர்..." என்று தொடங்கினேன்.

"பெயிண்டு ஒனக்க வீட்டுல இருந்தது. ஜிஜின் பிரஷ நனச்சுக்கிட்டு இருந்தான். எனக்க பேருக்கு மூணு எழுத்து. நானும் வாயத் தொறக்கல்ல, அது எனக்க குத்தம்." ஈசாக் எழுந்து, சரோஜத்தின் கையிலிருந்து ஈரத்துணி வாளியை வாங்கிக்கொண்டான். "நாலடி எடம் கெடந்தது மக்கா. ஒனக்க பேரு ரெண்டே எழுத்து."